ஆவி உறிஞ்சும் காவலர் எங்கிருந்து வந்தனர்?

சில கதைகள் கடைசிப் பக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆசிரியர் பேனாவை மூடிவைத்த பின்னர் வாசகர் தம் பேனாவைத் திறக்கின்றனர். ஆசிரியர் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றைப் பற்றிக்கொண்டு, "இஃது இவ்வாறு இருக்குமோ, அன்றி அவ்வாறு இருக்குமோ?" என்று ஆராயத் தலைப்படுகின்றனர். ஆங்கில மாயாஜால நவீனங்களுக்கு இத்தகைய ரசிகர்கள் உலகெங்கும் உள்ளனர். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் உள்ளனர். விடுமுறை நாட்களில் நம் நூலக மேசையைச் சுற்றி அமர்ந்து, தாழ்ந்த குரலில், ஆனால் மிகுந்த உக்கிரத்தோடு வாதிடும் சிறுவர் சிறுமியரைப் பலரும் கண்டிருக்கலாம். எதைப் பற்றி இவ்வளவு வாதம் என்று செவிசாய்த்துக் கேட்டால் பெற்றோர் திடுக்கிடுவர். அவர்கள் பேசுவது சாவைப் பற்றி. சாவின் சாயலோடு கதைகளில் உலவும் கொடிய ஜீவன்களின் பிறப்பைப் பற்றி.

"இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்கும் பெரியோர்களுக்காகவே இத்திங்கள் இப்பகுதியை எழுதத் துணிந்தேன். வேலை இருக்கிறது, இதுவும் ஒரு வேலையே என்பது என் கட்சி.

இவ்வகை ஜீவன்களுள் தலைமை பெற்றது டிமென்டர் என்பது. ஜே. கே. ரௌலிங் என்ற ஆங்கில எழுத்தாளர் 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாம் நூலில் இது முதன்முதலாக நம் கண்முன் வருகிறது. படிக்காத பெற்றோரின் பொருட்டுச் சுருங்கச் சொல்கிறேன். ஆளைவிட உயர்ந்த உருவம். முகத்தை மறைக்கும் முக்காட்டோடு கூடிய கரிய அங்கி. அங்கிக்குள்ளிருந்து நீண்டால், நீரில் கிடந்து அழுகிய பிணத்தின் கை போன்ற ஒரு கை. இது நெருங்கினால் காற்று குளிரும். நெருங்கப்பெற்ற மனிதரின் மகிழ்ச்சியனைத்தும் வடிந்துபோய், வாழ்வில் பட்ட துயரங்கள் மாத்திரமே நினைவில் எஞ்சும். இதன் முத்தத்துக்கு ஆளானவர் ஆன்மாவையே இழப்பர். உடல் மூச்சுவிடும், இதயம் துடிக்கும். உள்ளே ஆள் இரார். மந்திரவாதிகளின் அரசாங்கமோ இந்த ஜீவன்களையே அஸ்கபான் என்னும் தீவுச் சிறைக்குக் காவலர்களாக நியமித்து வைத்திருக்கிறது!

இவை எங்கிருந்து வந்தன? 1997 முதல் 2007 வரை வெளிவந்த ஏழு நூல்களையும் புரட்டினாலும் நேரான விடை கிடைக்காது. 2005-இல் வந்த ஆறாம் நூலில், இவை பெருகி வருவதாலேயே கோடைகாலத்திலும் நாடெங்கும் குளிர்ப்பனி மூடியிருக்கிறது என்று ஓர் அமைச்சர் சொல்கிறார். எவ்வாறு பெருகுகின்றன, முதலில் தோன்றியது எங்ஙனம் என்பவற்றைக் குறித்து அவர் வாய் திறப்பதில்லை. இந்த மௌனமே ரசிகர்களுக்கு மைதானமாயிற்று.

நம் ஊர்ப்பக்கத்துப் பேய்க்கதைகளில் வளர்ந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், "யார் செத்துப் பேயானது?" என்பதே நாம் கேட்கும் முதற்கேள்வி. பேய்க்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு வீடு இருக்கும், தீராத ஒரு குறை இருக்கும். டிமென்டருக்கு அவற்றுள் ஒன்றுமில்லை. பிள்ளைகள் அதற்கு ஓர் ஊரும் பேரும் தேடுகின்றனர், அவ்வளவே.

ரசிகர்கள் கூறும் ஊகங்கள் பல. அவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, இஃது ஒரு விலங்கினம் என்பது. 2001-இல் ரௌலிங் எழுதிய மாய விலங்குகளின் அகராதி போன்ற சிறு நூலில் லெத்திஃபோல்ட் என்றொரு ஜீவன் சொல்லப்படுகிறது. தரையோடு தரையாக நழுவிச் செல்லும் கறுப்புப் போர்வை போன்றது; வெப்ப நாடுகளில் வாழ்வது; உறங்குவோரைச் சுற்றி மூடிச் சுவடின்றி விழுங்கிவிடுவது. இதனை விரட்டக்கூடிய மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: பேட்ரோனஸ் என்பது. டிமென்டரை விரட்டுவதும் அதே மந்திரம். "உருவமும் கறுப்பு, மருந்தும் ஒன்று, ஆகவே இரண்டும் ஒரே குலம்" என்கின்றனர் இக்கட்சியார்.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் கறுப்புக் கோட்டு அணிந்தவரெல்லாம் வக்கீல் ஆகிவிடுவரா? எங்கள் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகரும் கறுப்புக் கோட்டே அணிகிறார். லெத்திஃபோல்ட் உடலைத் தின்கிறது; டிமென்டர் உடலை விட்டுவிட்டு உள்ளிருப்பதைக் கவர்கிறது. முன்னது பசிக்கும்போது இரை தேடும் விலங்கு. பின்னதோ அரசாங்கத்தோடு உடன்பாடு செய்துகொள்கிறது. பிற்பாடு அதிக இரை கிடைக்கும் என்று கண்டு வோல்டெமார்ட் என்ற கொடியவன் பக்கம் சாய்கிறது. கட்சி மாறத் தெரிந்த பிராணியை வெறும் விலங்கென்று எவ்வாறு சொல்வது?

இரண்டாவது, இஃது ஓர் இடத்தின் விளைச்சல் என்பது. இக்கொள்கைக்கு ஆசிரியரே பிற்காலத்தில் துணை வந்தார். நூல்வரிசை நிறைவுற்ற பின் ரௌலிங் எழுதிய குறிப்புகளில் அஸ்கபானின் பழங்கதை வருகிறது. 2016-இல் மின்னூலாக வந்த ஒரு சிறு தொகுப்பிலும் அது சேர்க்கப்பட்டது. வடகடலில் உள்ள அத்தீவில், 15-ஆம் நூற்றாண்டில், எக்ரிஸ்டிஸ் என்ற மந்திரவாதி கோட்டை கட்டி வாழ்ந்தான். வழிதவறிய மாலுமிகளை ஆசைகாட்டி அழைத்து, வதைத்துக் கொல்வது அவனது பொழுதுபோக்கு. அவன் மாண்டபின், தீவை மறைத்திருந்த மந்திரங்கள் வலுவிழந்தன. அதிகாரிகள் சென்று பார்த்தனர். உள்ளே கண்டவற்றை அவர்கள் வெளியில் சொல்ல மறுத்துவிட்டனர். கண்டவற்றுள் மிகக் குறைந்த பயங்கரம், அங்கே டிமென்டர்கள் மொய்த்திருந்தன என்பதுதானாம்!

எக்ரிஸ்டிஸ் அவற்றைப் படைத்தானா, அன்றி அவன் செய்த கொடுமையின் நாற்றத்துக்கு அவை தாமே வந்து கூடினவா என்று ரசிகர்கள் இரண்டு பிரிவாக நின்று வாதிடுகின்றனர். ரௌலிங் ஒரு சமயம் இதற்கு விடைபோல ஒன்று கூறினார்: இவை ஈன்று பெருகும் இனமல்ல; அழுகல் உள்ள இடத்தில் காளான் பூப்பதுபோல் முளைப்பவை. மழைக்காலத்தில் பல நாட்கள் திறவாமல் கிடந்த கூட்ஸ் ஷெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இவ்வுவமையின் நயம் உடனே விளங்கும். அங்கே காளானை விதைத்தவர் எவரும் இலர். ஈரமும் இருளும் கவனிப்பாரற்ற நிலையும் சேர்ந்தால் போதும், காளான் வந்துவிடும்.

மூன்றாவது ஊகமே எல்லாவற்றிலும் துணிச்சலானது. டிமென்டர்கள் ஒருகாலத்தில் மனிதர்கள். முத்தத்தால் ஆன்மாவை இழந்தவர்களே நாளடைவில் இவ்வாறு ஆகின்றனர் என்பது அது.

இதனை எடைபோடுமுன், என் தொழிலிலிருந்து ஒரு முறையைச் சொல்ல விரும்புகிறேன். பார்சல் அலுவலகத்துக்குச் சில சமயம் முகவரிச் சீட்டு கிழிந்த மூட்டை வந்து சேரும். எங்கிருந்து புறப்பட்டது, யாருடையது என்று தெரியாது. அப்போது ஊகத்தை நம்பி எவரிடமும் கொடுத்துவிட முடியாது. மூட்டையின் மேல் எஞ்சியுள்ள குறி, எடை, கட்டிய கயிற்றின் வகை, வந்த வண்டி, வழியில் அது நின்ற நிலையங்களின் பதிவுகள் ஆகிய ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்துவருவதைக் குறித்துக்கொள்வது போலவே, ஒத்துவராததையும் குறித்துக்கொள்ள வேண்டும். கதை ஆராய்ச்சிக்கும் இதுவே சட்டம்.

மூன்றாம் ஊகத்துக்குச் சான்று இருக்கிறதா? இருக்கிறது. மூன்றாம் நூலில் லூபின் என்ற ஆசிரியர் மாணவன் ஹாரிக்கு டிமென்டரைப் பற்றி விளக்குகிறார். போதிய அவகாசம் கிடைத்தால், அது தன் இரையை உறிஞ்சி உறிஞ்சித் தன்னையொத்த ஆன்மாவற்ற தீயதொரு பொருளாகவே ஆக்கிவிடும் என்ற கருத்தை அவர் சொல்கிறார். "தன்னையொத்த" என்ற அந்த ஒரு சொல்லே இக்கட்சியாரின் மூலதனம்.

எதிர்ச் சான்றும் இருக்கிறது. 2000-இல் வந்த நான்காம் நூலில் இளைய கிரௌச் என்பவன் முத்தத்துக்கு ஆளாகிறான். அவன் டிமென்டராக மாறியதாகப் பின்னர் எங்கும் சொல்லப்படவில்லை. ஆன்மா போன பின்பும் உடல் வெறும் கூடாக உயிரோடு கிடக்கும் என்று லூபினே சொல்கிறார். கூடு வேறு, வேட்டையாடும் ஜீவன் வேறு. மேலும், காளான் உவமையைக் கூறியவர் படைத்த ஆசிரியரே ஆவார். ஆகவே, பதிவேட்டின்படி தீர்ப்பு எழுதினால், மூன்றாம் ஊகம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றே எழுத வேண்டும். இரண்டாவதற்கே மூட்டையை ஒப்படைக்க வேண்டும்.

அவ்வாறாயின், மெய்ப்பிக்கப்படாத இந்த ஊகத்தை ரசிகர்கள் ஏன் கைவிடவில்லை? அஃது எழுப்பும் அடுத்த கேள்வியினால்தான் என்று கருதுகிறேன். டிமென்டர்கள் மனிதரிலிருந்து ஆனவை என்றால், அஸ்கபான் சிறைச்சாலை என்பது என்ன? குற்றவாளிகளை உள்ளே போட்டு, காவலர்களை வெளியே எடுக்கும் தொழிற்சாலை அன்றோ அது! தண்டனை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, அரசாங்கம் தான் அஞ்சும் பொருளைத் தானே உற்பத்தி செய்துகொண்டிருந்தது என்றாகும்.

ஊகம் பொய்யே ஆகுக. அஸ்கபானின் வரலாறு அந்த வினாவைத் தள்ளிவிடாது; மேலும் கூர்மையாக்குகிறது. அத்தீவைச் சிறையாக்கியவர் 1718-இல் அமைச்சரான டாமக்ளீஸ் ரௌல் என்பவர். வேறொரு தீவில் புதிய சிறை கட்டும் திட்டம் முன்னமே இருந்தது. அதனைக் கைவிடச் செய்து, டிமென்டர்கள் இருப்பதே ஒரு வசதி, அவையே காவல் காக்கும், நேரமும் தொல்லையும் செலவும் மிச்சம் என்று அவர் வாதித்தாராம். கணக்கேட்டின் முன் அமர்ந்து வாழ்நாளைக் கழிக்கும் குமாஸ்தாவுக்கு "செலவு மிச்சம்" என்ற சொல் நன்கு பழகிய சொல். எதை மிச்சம் பிடித்தோம் என்று கணக்கு சொல்லும். எதைச் செலவழித்து மிச்சம் பிடித்தோம் என்று சொல்லாது. பின்னர் வந்த எல்ட்ரிட்ச் டிகரி என்ற அமைச்சர் சிறையை நேரில் பார்த்து உள்ளம் நடுங்கி, மாற்று வழி காண ஒரு குழுவை அமைத்தார். அவர் நோயுற்று இறந்தார். திட்டமும் அவரோடு உறங்கிவிட்டது. கைதிகளுட் பெரும்பாலோர் சித்தம் கலங்கினர். கலங்கிய சித்தம் ஓசை எழுப்பாது. ஆதலால் சிறை அமைதியாக இருக்கிறது என்று அதிகாரிகள் மகிழ்ந்தனர்.

அங்கே 12 ஆண்டுகள் குற்றமின்றிக் கிடந்த சிரியஸ் பிளாக் என்பவர் எவ்வாறு சித்தம் கலங்காது பிழைத்தார் என்பதற்கு நூலில் ஓர் அரிய காரணம் கூறப்படுகிறது. தாம் நிரபராதி என்று அவர் அறிந்திருந்தார். அந்த அறிவு மகிழ்ச்சி தரும் நினைவன்று. ஆதலால் டிமென்டர்களால் அதனை உறிஞ்ச முடியவில்லை. கடைசியில், போருக்குப் பின் அமைச்சரான கிங்ஸ்லி என்பவர் அஸ்கபானிலிருந்து டிமென்டர்களை அகற்றிவிட்டு, மனிதரையே முறைவைத்துக் காவலுக்கு அமர்த்தினார் என்று ரௌலிங் குறிப்பிட்டுள்ளார். முன்பே செய்திருக்கக்கூடிய காரியம் என்பது இதனால் விளங்குகிறது.

பிற ஆசிரியர்களின் நூல்களிலும் இவ்வூகம் மனிதனிடமே திரும்பி வருவதைக் காணலாம். டோல்கீன் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருங்கதையில் நஸ்கூல் எனப்படும் ஒன்பது கரிய குதிரைவீரர்கள் வருகின்றனர். அவர்கள் மோதிரத்தின் ஆசையால் நிழலாய்ப்போன மன்னர்கள் என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். எனினும் ரசிகர்கள் விடவில்லை. எந்த மன்னர்கள், எந்த நாட்டினர் என்று தேடுகின்றனர். ஒன்பதின்மருள் ஒருவனுக்கு மட்டுமே கமூல் என்ற பெயர் தெரியவந்தது. அதுவும் ஆசிரியர் மறைந்த பின் 1980-இல் வெளியான தொகுப்பில்தான்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்ற அமெரிக்கர் 1996-இல் தொடங்கிய கதைவரிசையில், பனிக்காட்டிலிருந்து வந்து செத்தாரை எழுப்பும் வெண்ணிற ஜீவன்கள் உண்டு. 2011-இல் வந்த ஐந்தாம் நூல் வரையிலும் அவற்றின் தோற்றம் விளக்கப்படவில்லை. காட்டில் வாழும் ஒருவன் தன் ஆண்மக்களைப் பிறந்தவுடன் அவற்றுக்குக் காணிக்கையாக்குகிறான். 2000-இல் வந்த மூன்றாம் நூலில், வரப்போகிறவர்கள் அந்தக் குழந்தையின் அண்ணன்மாரே என்ற பொருளில் ஒரு கிழவி பேசுகிறாள். அந்த ஒரு பேச்சைக் கொண்டு, கைவிடப்பட்ட பிள்ளைகளே அந்தக் கொடிய உருவினர் என்று ரசிகர்கள் ஊகித்தனர். அக்கதையைத் தழுவிய தொலைக்காட்சித் தொடரில் 2014-இல் ஒரு குழந்தை அவ்வாறு மாற்றப்படுவது காட்டப்பட்டது. 2016-இல், பகைவரை அழிப்பதற்கு ஆயுதமாகக் காட்டு மக்கள் ஒரு மனிதனையே முதலில் அவ்வாறு ஆக்கினர் என்றும், ஆயுதம் ஆக்கியவரையே அழிக்க வந்தது என்றும் காட்டப்பட்டது.

ஆசை, அச்சம், சிக்கனம், புறக்கணிப்பு என்று காரணம் மாறுகிறது, செய்தவன் மாறவில்லை. வானத்திலிருந்து இறங்கிய தீமை என்று சொன்னால் நமக்குப் பொறுப்பில்லை. பிள்ளைகள் அந்தச் சுலபமான விடையை ஏற்க மறுக்கின்றனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

இன்னொரு பிறப்பிடமும் உண்டு. அது கதைக்கு வெளியே இருப்பது. ரௌலிங்கின் தாயார் நீண்டகால நரம்பு நோயால் 1990-ஆம் ஆண்டின் இறுதியில், 45-ஆம் வயதில் காலமானார். அதன் பின்னர்ச் சில ஆண்டுகளில், மணவாழ்வு முறிந்து, கைக்குழந்தையோடு எடின்பரோ நகரில் வறுமையில் வாழ்ந்த காலத்தில், தாம் கடும் மனச்சோர்வு நோய்க்கு ஆளானதாகவும், டிமென்டர்கள் அந்த அனுபவத்திலிருந்தே பிறந்தன என்றும் அவர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். குளிர், வெறுமை, இனி ஒருநாளும் மகிழ்ச்சி வாராது என்னும் உணர்வு ஆகிய மூன்றும் அந்நோயின் குறிகளே.

இதை அறிந்தபின் நூலின் சில இடங்கள் வேறு விதமாக ஒளிவிடுகின்றன. டிமென்டரின் முன் மயங்கி விழுந்த ஹாரி, தான் கோழையோ என்று நாணுகிறான். அதற்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தமில்லை, பிறர் காணாத கொடுமைகளை நீ கண்டிருக்கிறாய், அதனாலேயே உனக்கு மிகுதியாகத் தாக்குகிறது என்று லூபின் தேற்றுகிறார். முதலுதவியாக ஒரு துண்டு சாக்லெட் கொடுக்கிறார்; பின்பு பொறுமையோடு மந்திரத்தைப் பயிற்றுகிறார். 2003-இல் வந்த ஐந்தாம் நூலில் மந்திரமறியாத டட்லி என்ற பையனை டிமென்டர் தாக்குகிறது. அவனால் அதைக் காண முடியாது. குளிரை மட்டும் உணர்கிறான். அவன் பெற்றோருக்கு நடந்தது இன்னதென்று விளங்கவில்லை.

அன்பர்களே, இந்த இடத்தில்தான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு பாடம் இருப்பதாக நான் எண்ணுகிறேன். நாம் ஊரைவிட்டுப் பல நூறு மைல் தொலைவில் வாழ்கிறோம். ஊரில் தாத்தாவோ பாட்டியோ காலமானால் செய்தி தொலைபேசியில் வருகிறது. பெரியவர்கள் கிடைத்த வண்டியில் ஏறிச் செல்கிறோம். பரீட்சை என்று பிள்ளைகளை அண்டை வீட்டில் விட்டுச் செல்கிறோம். திரும்பி வந்தபின் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளை மனம் வாடும் என்று நினைத்து மறைக்கிறோம். பிள்ளைக்குக் குளிர் தெரிகிறது. குளிர் எங்கிருந்து வருகிறதென்று சொல்லத்தான் ஆள் இல்லை. ரௌலிங்கின் ஐந்தாம் நூலில் தெஸ்ட்ரல் என்ற எலும்பும் தோலுமான சிறகுக் குதிரைகளும் உண்டு. மரணத்தைக் கண்டு உணர்ந்தவர் கண்ணுக்கே அவை புலப்படும். உங்கள் வீட்டுப் பெண், தெஸ்ட்ரலைப் பற்றி மூன்று நாட்கள் ஓயாமல் பேசினால், அவள் பேசுவது குதிரையைப் பற்றி மட்டும்தானா என்று சற்றே சிந்தியுங்கள். சோறு உண்ணாமலும் உறங்காமலும் விளையாடாமலும் பல வாரங்கள் ஒரு பிள்ளை ஒதுங்கியிருக்குமாயின், கதைப் புத்தகத்தைக் குற்றம் சொல்லாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது நோய், நாணத்தக்கதன்று.

மற்றப்படி, பிள்ளைகள் இந்த ஊகங்களைப் பேசும்போது நாமும் உடன் அமர்ந்து மூன்று கேள்விகள் கேட்கலாம். இஃது எந்த நூலில், எந்த இடத்தில் இருக்கிறது? இதற்கு மாறான இடம் எது? இது மெய்யானால், யார் யாருக்கு என்ன தீங்கு செய்தவராவர்? முதல் கேள்வி வாசிப்பைக் கூர்மையாக்கும். இரண்டாவது நேர்மையைப் பயிற்றும். மூன்றாவது, கதையை விட்டு எழுந்த பின்பும் அவர்களோடு கூட வரும். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய என் போன்றவர்களும் கேட்கக்கூடிய கேள்விகளே இவை. பட்டம் ஒன்றும் தேவையில்லை.

இம்மூன்று ஊகங்களுக்கு மேல் நான்காவது ஒன்று நம் இளைஞர்களிடம் இருக்குமாயின், சான்றோடு எழுதி நூலகப் பெட்டியில் இடுக. தக்கவற்றை அடுத்த திங்கள் இப்பகுதியிலேயே வெளியிடுவோம். எதிர்ச் சான்றையும் சேர்த்து எழுதியவருக்கே முதலிடம்.